இங்க்கா, லேசரா? ஜெராக்ஸ் கடைக்காரியின் கணக்கு

"அக்கா, எந்த பிராண்டு பிரிண்டர் வாங்கலாம்?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுவார்கள். பட்டுக்கோட்டையில் தாலுகா ஆபீஸ் பக்கம் பதினேழு வருஷமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, சாதிச் சான்று, ஆதார் நகல், காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று இந்தக் கடையைத் தாண்டாத காகிதம் குறைவு. இத்தனை வருஷத்தில் ஐந்து லேசர், ஏழு இங்க் மெஷின் பார்த்துவிட்டேன். அவற்றில் மூன்றைக் கெடுத்தது நானேதான். அந்த அனுபவத்தில், பிராண்டு கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "வாங்கினால் எத்தனை நாள் சும்மா கிடக்கும்?"

பலரும் மாதம் எத்தனை பக்கம் அடிப்போம் என்றுதான் யோசித்துவிட்டு வருவார்கள். அதுவும் வேண்டும். ஆனால் வீட்டுப் பிரிண்டர் அடித்துத் தேய்ந்து சாவதில்லை, அடிக்காமல் கிடந்துதான் சாகிறது. இங்க் மெஷினில் இருப்பது தண்ணீரில் கரைந்த மை. அது வெளியே வரும் துளைகள் தலைமுடியைவிடச் சன்னமானவை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்து வந்து பார்த்தால், மை துளையிலேயே காய்ந்து உட்கார்ந்திருக்கும். லேசரில் திரவமே கிடையாது. டோனர் என்பது நிறமேற்றிய பிளாஸ்டிக் பொடி. ஆறு மாதம் கழித்துப் போட்டாலும் முதல் பக்கம் சுத்தமாக வரும்.

அதனால் முதல் வடிகட்டல் இப்படி. வாரம் ஒரு முறையாவது கட்டாயம் அடிப்பீர்கள், கலரும் வேண்டும் என்றால் பாட்டில் மையை ஊற்றி நிரப்பும் இங்க் டேங்க். எப்போதாவதுதான் அடிப்பீர்கள், கறுப்பு போதும் என்றால் லேசர். எப்போதாவதுதான், ஆனால் கலர் வேண்டும் என்றால் வாங்கவே வேண்டாம், பக்கத்துக் கடைக்குப் போங்கள். கடைக்காரி இப்படிச் சொன்னால் சிரிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் பதினைந்து கலர் பக்கம், பக்கத்துக்குப் பத்து ரூபாய் வைத்தாலும் வருஷத்துக்கு 1,800 ரூபாய். ஒரு டேங்க் மெஷின் 12,000-லிருந்து 16,000 வரை ஆகிறது. போட்ட பணம் வருவதற்குள் ஹெட், அதாவது மைத் துளைகள் உள்ள பாகம், அடைத்துக்கொள்ளும். பிள்ளைகள் ராத்திரி பத்து மணிக்கு "நாளைக்கு ப்ராஜெக்ட்" என்று சொல்வார்களே, அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

கலர் லேசரைப் பற்றியும் கேட்பார்கள். நான்கு டோனர், ஒவ்வொன்றின் விலையும் கறுப்பு டோனரைப் போல. வீட்டுக்குத் தேவையில்லை. போட்டோவும் அதில் மெழுகு பூசினாற்போலத்தான் வரும்.

மழையும் கரண்டும்

திங்கட்கிழமை தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். எங்கள் பக்கத்து ஜனங்கள் விடியற்காலையிலேயே வந்து மனு அடித்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். ஒரு ஐப்பசி மாதம் லேசரில் டோனர் தீர்ந்திருந்தது. ஒரு பாட்டிக்கு மட்டும் இங்க் மெஷினில் அடித்துக் கொடுத்தேன். மறுநாள் அதே மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். மழையில் நனைந்து, பட்டா எண் இருந்த வரி முழுக்க நீலமாக ஓடியிருந்தது. "என்னம்மா, எழுத்து அழுவுது" என்றார். காசு வாங்காமல் வேறு அடித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து மனு, பத்திரம், சான்று எதுவானாலும் லேசர்தான்.

காரணம் எளிது. மையில் இரண்டு வகை. டை என்பது தண்ணீரில் முழுக்கக் கரைந்த சாயம், கலர் பளிச்சென்று வரும், தண்ணீர் பட்டால் ஓடும். பிக்மென்ட் என்பது கரையாத நிறத்துகள், காகிதத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவாக ஓடாது. சில டேங்க் மெஷின்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட்டாக இருக்கும். வாங்கும்போது "கறுப்பு மை பிக்மென்ட்டா?" என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் மை பாட்டிலின் அட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். லேசரில் இந்தக் கவலையே இல்லை. பொடி 200 டிகிரி அளவுச் சூட்டில் உருகிக் காகித நாரோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரே ஒரு விஷயம்: லேசர் காகிதத்தை மலிவான பிளாஸ்டிக் ஃபைலுக்குள் வருஷக்கணக்கில் அழுத்தி வைக்காதீர்கள். எழுத்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு காகிதம் வெளுத்துப் போகும். எங்கள் வீட்டு மனைப் பத்திர நகலே அப்படிப் போனது.

அந்த 200 டிகிரிக்கு ஒரு விலை உண்டு, கரண்ட். பொடியை உருக்கும் ஃப்யூசர் சூடேறும் அந்தச் சில நொடிகள் லேசர் பல நூறு வாட் இழுக்கும். கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ் கொடுப்பது சுமார் 360 வாட்தான். அதில் லேசரைச் சொருகினால் யுபிஎஸ் கத்திவிட்டு அணைந்துவிடும், கூடவே கம்ப்யூட்டரும். லேசரை எப்போதும் நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள். இங்க் டேங்க் அடிக்கும்போது குடிப்பது பத்துப் பதினைந்து வாட்தான், ஒரு எல்இடி பல்பைப் போல.

இதன் அருமை 2018 நவம்பர் 16 விடிந்தபோது தெரிந்தது. கஜா புயல் அடித்து ஓய்ந்ததும் தென்னை எல்லாம் தரையில் கிடந்தது, மின்கம்பங்கள் அதற்கு மேலே. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இருபது நாளுக்கு மேல் ஆனது. நிவாரணத்துக்கு விண்ணப்பம், ரேஷன் கார்டு நகல், பாஸ்புக் நகல் என்று கடை வாசலில் கூட்டம். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைப் பக்கத்துத் தெரு ஜெனரேட்டரில் ராத்திரி சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவோம். லேசரைப் போட்டதும் இன்வெர்ட்டர் படுத்துக்கொண்டது. நான் அதுவரை மட்டமாக நினைத்திருந்த டேங்க் மெஷின்தான் அந்த இருபது நாளும் சத்தமில்லாமல் ஓடியது. காகிதத்தை மட்டும் பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தேன். அதனால் கரண்ட் நிச்சயமில்லாத ஊரில் கடை வைக்கிறவர்களுக்கு நான் சொல்வது: இரண்டும் வேண்டும்.

பைசாக் கணக்கு

பெட்டியில் போட்டிருக்கும் "இத்தனை பக்கம்" என்பது பக்கத்தில் சுமார் 5 சதவீத இடத்தில் மட்டும் மை விழும் என்று வைத்துச் சொல்வது. நான்கைந்து பத்தி உள்ள சாதாரணக் கடிதம் அந்த அளவு. வினாத்தாள் அதைவிடக் கூட. கண்ணீர் அஞ்சலி என்றால் கேட்கவே வேண்டாம், கறுப்புப் பட்டை, பெரிய போட்டோ, தடித்த எழுத்து, ஒரு பக்கம் பத்துப் பக்கத்து டோனரைத் தின்றுவிடும். எனவே பெட்டிக் கணக்கை அப்படியே நம்பாமல், முக்கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கணக்கு. விலைகள் என் கடைக்கு நான் வாங்குவது, உங்கள் ஊரில் முன்னே பின்னே இருக்கும். எப்சன் 003 கறுப்பு மை பாட்டில் 65 மில்லி, 4,500 பக்கம் என்கிறார்கள். 400 ரூபாய் என்று வைத்தால் பக்கத்துக்கு 9 பைசா. பழைய பாணியில் சின்ன கார்ட்ரிட்ஜ் போடும் இங்க் மெஷின்கள் உண்டல்லவா, அவற்றுக்கு வரும் ஹெச்பி 680 கறுப்பு 480 பக்கம். ஏறக்குறைய 900 ரூபாய் என்றால் பக்கத்துக்கு ஒன்றே முக்கால் ரூபாய்க்கு மேல். நான்காயிரம் ரூபாய்க்கு பிரிண்டர் விற்கிறார்கள் என்றால் அது பிரிண்டர் வியாபாரம் இல்லை, கார்ட்ரிட்ஜ் வியாபாரம்.

லேசரில் ஹெச்பி 12ஏ டோனர் கார்ட்ரிட்ஜையே எடுத்துக்கொள்வோம். 1020, எம்1005 மெஷின்கள் என்று நம் ஊர் ஆபீஸ்களில் பாதி இன்னும் இதில்தான் ஓடுகிறது. கேனான் எல்பிபி 2900-க்கு 303 என்று வேறு பெயரில் வருவதும் கிட்டத்தட்ட இதே உருப்படிதான், நம் ஊரில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெட்டியில் விற்கிறார்கள். ஒரிஜினல் 12ஏ 2,000 பக்கம், விலை ஐயாயிரத்துக்கு மேல். பக்கத்துக்கு இரண்டரை ரூபாய். வேறு கம்பெனி செய்யும் கம்பேட்டிபிள் 500 ரூபாய், ஒழுங்காக 1,500 பக்கம் வந்தால் 33 பைசா. தீர்ந்ததைத் திறந்து பொடி நிரப்பும் ரீஃபில் 250 ரூபாய் என்றால் 17 பைசா. இரண்டு ரூபாய்க்குப் பக்கம் அடித்துக் கொடுக்கும் என்னைப் போன்றவள் ஒரிஜினல் டோனர் போட்டால் கடையை மூடிவிட்டு நடவுக்குப் போகலாம்.

எதில் டூப்ளிகேட் போடலாம்

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு "எல்லாவற்றிலும் மலிவு போடலாம்" என்று நான் ஒருமுறை முடிவுக்கு வந்தேன். லிட்டர் கணக்கில் கேன்களில் வரும் மை கிடைத்தது. டேங்க் மெஷினில் ஊற்றினேன். இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் மாதம் சிவப்பு விட்டு விட்டு வந்தது. ஹெட் கிளீனிங் போட்டேன், திரும்பப் போட்டேன். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் சிவப்பு முழுசாக நின்றது. பிள்ளைகளின் போட்டோ எல்லாம் பச்சை முகத்தோடு வந்தன. ஹெட் மாற்ற ஐயாயிரம் ஆனது. மையில் மிச்சம் பிடித்தது ஆயிரம்கூட இருக்காது.

அன்றைக்குத்தான் புத்தி வந்தது. கேட்க வேண்டியது "ஒரிஜினலா, டூப்ளிகேட்டா" என்பதல்ல. கெட்டுப்போகக்கூடிய பாகம் எங்கே இருக்கிறது என்பது. அது கார்ட்ரிட்ஜோடு சேர்ந்து தூக்கிப் போடும் இடத்தில் இருந்தால் மலிவு போடலாம். மெஷினுக்குள் இருந்தால் போடக் கூடாது.

டேங்க் மெஷினில் ஹெட் உள்ளேயே இருக்கிறது. மை பாட்டில் என்பது வெறும் மை. மோசமான மை கெடுப்பது மெஷினை. ஒரிஜினல் பாட்டிலே பக்கத்துக்கு 9 பைசாதான் எனும்போது இதில் மிச்சம் பிடிப்பது அல்பம்.

சின்ன கார்ட்ரிட்ஜ் இங்க் மெஷினில் கதை தலைகீழ். 1977-இல் கேனான் ஆய்வகத்தில் சூடான சால்டரிங் அயர்ன் தவறி ஒரு மை ஊசியில் பட்டு, மை துளியாகத் தெறித்ததாம். அந்தச் சூட்டில் தெறிக்க வைக்கும் வித்தையைத்தான் கேனானும் ஹெச்பியும் பயன்படுத்துகின்றன. இந்தச் சின்ன கார்ட்ரிட்ஜ்களின் அடியில் செம்புக் கோடுகளோடு இருக்கும் சின்னத் தகடுதான் ஹெட். அதாவது கார்ட்ரிட்ஜ் மாற்றினால் ஹெட்டே புதிது. எனவே இவற்றை ஊசி வைத்து ரீஃபில் செய்து பார்க்கலாம். மூன்று நான்கு தடவை தாங்கும், அப்புறம் எரிந்துபோகும், போனால் போகிறது. வற்றவிட்டு நிரப்பாதீர்கள். மை கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே நிரப்பினால்தான் இந்தத் தகடு பிழைக்கும்.

12ஏ, 88ஏ போன்ற லேசர் கார்ட்ரிட்ஜும் இதே ஜாதி. டிரம் என்ற உருளை, சார்ஜ் ரோலர், மேக்னட் ரோலர், டிரம்மைத் துடைக்கும் பிளேடு, கழிவுத் தொட்டி எல்லாம் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்ளேயே. கம்பேட்டிபிள் மோசமாக அமைந்தால் அதைக் கடைக்காரர் முகத்தில் வைத்துவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம். மெஷினுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, பொடி கொட்டினால் துடைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பிரதர் லேசர்களில் டோனர் தனி, டிரம் தனி. டிஆர்-2365 போன்ற டிரம் 12,000 பக்கம் ஓடும். அதில் டோனர் கம்பேட்டிபிள் போடலாம், ஆனால் பொடி தரமில்லாமல் இருந்தால் டிரம்மின் ஆயுசு குறையும். ஒரு தடவை நல்லது அமைந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள், மாதம் ஒரு பிராண்டு மாற்றாதீர்கள்.

ஆக என் கடைச் சட்டம்: டேங்குக்கு மை ஒரிஜினல், டோனர் கம்பேட்டிபிள். ஊரில் பலர் செய்வது இதற்கு நேர்மாறு. டோனருக்கு ஐயாயிரம் கொடுத்துவிட்டு, மையை லிட்டரில் வாங்குவார்கள். வாரண்டி இருக்கும் ஒரு வருஷம் மட்டும் இரண்டிலும் ஒரிஜினலே போடுங்கள். ரீஃபிலால் வந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

கம்பேட்டிபிள் டோனரைச் சோதிப்பது

உறையைப் பிரித்ததும் பக்கவாட்டில் ஐந்தாறு முறை ஆட்டுங்கள், மேலும் கீழுமாக வேண்டாம். பொடி ஒரு பக்கம் குவிந்திருந்தால் சமமாகும். அப்புறம் சீல் நாடா. அதை நேராக, ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கோணலாக இழுத்து அறுந்தால் பாதிப் பக்கம் வெள்ளையாக வரும். பச்சையாகவோ நீலமாகவோ மின்னும் உருளைதான் டிரம். அதை விரலால் தொடாதீர்கள், வெயிலில் காட்டாதீர்கள். வெளிச்சம் பட்டுத்தான் அது வேலையே செய்கிறது. அதிக வெளிச்சம் பட்டால் நிழல் விழுந்த மாதிரி அடிக்கும்.

போட்டவுடன் மூன்று பக்கம் அடித்துப் பாருங்கள்: ஒன்று வெற்றுப் பக்கம், ஒன்று எழுத்து, ஒன்று முழுக் கறுப்புப் பட்டை. வெற்றுப் பக்கம் லேசாகச் சாம்பல் பூத்திருந்தால் பொடி சரியில்லை, அல்லது பிளேடு சரியில்லை. நீளவாக்கில் தொடர்கோடு வந்தால் டிரம் கீறியிருக்கிறது, இல்லையென்றால் பிளேடில் ஏதோ மாட்டியிருக்கிறது. ஒரே புள்ளி திரும்பத் திரும்ப விழுந்தால் ஸ்கேல் வைத்து இடைவெளியை அளந்துவிடுங்கள். 12ஏ-வில் சுமார் ஏழரை சென்டிமீட்டருக்கு ஒரு தடவை வந்தால் குற்றவாளி டிரம்தான், அது ஒரு சுற்றுச் சுற்றும் நீளம் அது. அதைவிட நெருக்கமாக வந்தால் ஏதோ ஒரு சின்ன ரோலர். விரலால் தேய்த்தால் எழுத்தே உதிர்கிறது என்றால் கார்ட்ரிட்ஜைத் திட்டாதீர்கள், அது ஃப்யூசர் சூடு போதாத கோளாறு, அல்லது காகிதம் ஈரம்.

ரீஃபில் செய்பவரிடம் ஒன்று கேளுங்கள்: "கழிவுத் தொட்டியைக் கொட்டுவீங்களா?" அடித்து மிஞ்சும் பொடி கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே ஒரு அறையில் சேர்கிறது. சிலர் அதைக் கொட்டாமல் மேலேயே புதுப் பொடி நிரப்பிவிடுவார்கள். இரண்டாம் ரீஃபிலில் அது நிறைந்து காகிதமெல்லாம் கறுப்பாகக் கொட்டும். இன்னும் சிலர் கழிவுப் பொடியையே திருப்பி நிரப்புவார்கள். அதில் காகிதத் தூள் கலந்திருக்கும், டிரம்மை அரித்துவிடும். கண் முன்னால் நிரப்பித் தருகிறவரே நல்லவர். மூன்றாவது ரீஃபிலுக்கு டிரம்மும் பிளேடும் மாற்றச் சொல்லுங்கள், கூட இருநூறு ஆனாலும் பரவாயில்லை.

பொடி தரையில் கொட்டிவிட்டால் விசிறியை அணையுங்கள். வெந்நீர் வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். வீட்டு வாக்குவம் கிளீனரும் வேண்டாம், உள்ளே இழுத்துப் பின்பக்கமாக வீடு முழுக்க ஊதிவிடும். காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரில் துடைத்தால் போதும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள்.

சிப்

பழைய 12ஏ-வில் சிப் கிடையாது. அதனால்தான் இன்னும் உயிரோடிருக்கிறது. புதிய மாடல்கள் பலவற்றில் கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் ஒரு சிப். மெஷின் அதைக் கேட்டுத்தான் "இவர் நம்ம ஆளா" என்று முடிவு செய்கிறது. 2016 செப்டம்பரில் ஹெச்பி ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் பல, நேற்றுவரை ஏற்றுக்கொண்ட வேற்றுக் கம்பெனி கார்ட்ரிட்ஜுகளை ஒரே நாளில் மறுத்தன. மென்பொருளில் முன்கூட்டியே வைத்த ஏற்பாடு அது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு கம்பெனி வருத்தம் தெரிவித்து மாற்று மென்பொருள் கொடுத்தது. இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை 2022-இல் நடந்தது. உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு. கேனானுக்கே சிப் கிடைக்கவில்லை. சிப் இல்லாத தன் சொந்த டோனர்களை அனுப்பிவிட்டு, மெஷின் எச்சரித்தால் எப்படித் தள்ளிவிட்டு வேலை பார்ப்பது என்று வாடிக்கையாளருக்குக் கேனானே சொல்லிக்கொடுத்தது.

உங்களுக்கு வேண்டியது இது. பிரிண்டர் வாங்கும் முன், அந்த மாடலுக்குக் கம்பேட்டிபிள் கார்ட்ரிட்ஜ் சந்தையில் இருக்கிறதா, என்ன விலை என்று விசாரியுங்கள். சென்னை ரிச்சி தெருவில் மொத்த விலைக்காரர் ஒருவருக்குப் போன் போட்டாலே சொல்லிவிடுவார். அவர் "அதுக்கு இன்னும் வரலைங்க" என்றால் அந்த மாடல் வேண்டாம். வாங்கிய பிறகு தானாகவே அப்டேட் ஆகும் வசதியை அணைத்துவிடுங்கள். ஹெச்பியில் மாடல் எண்ணின் கடைசியில் சின்ன "இ" எழுத்து இருந்தால் கவனியுங்கள். ஹெச்பி பிளஸ் என்ற திட்டத்துக்கான மாடல் அது. அந்தத் திட்டத்தில் ஒருமுறை சேர்ந்துவிட்டால் எப்போதும் இன்டர்நெட் இணைப்பும் ஒரிஜினல் கார்ட்ரிட்ஜும்தான்.

இங்க் வாங்கிவிட்டீர்கள் என்றால்

சுவர் சுவிட்சில் அணைக்காதீர்கள். நம் வீடுகளில் இது பெரிய பழக்கம், ராத்திரி படுக்கும் முன் எல்லா சுவிட்சையும் தட்டிவிட்டுப் போவது. பிரிண்டரின் சொந்தப் பட்டனை அழுத்தினால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியின் மேல் உட்காரும். பாதியில் கரண்டை நிறுத்தினால் வாய் திறந்தபடியே கிடந்து காய்ந்துபோகும். பட்டன் முதலில், சுவர் அப்புறம்.

வாரம் ஒரு கலர் பக்கம். நான் வெள்ளிக்கிழமை கடை திறந்ததும் உள்ளங்கை அளவில் ஒரு பிள்ளையார் படம் அடிப்பேன், நாலு கலரும் வருகிற படமாகப் பார்த்து. மெஷினுக்கும் நல்லது, பிள்ளையாருக்கும் நல்லது. உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லையென்றால் நாஸில் செக் என்ற சோதனைக் கட்டம் போதும். கோடு விட்டிருந்தால் ஹெட் கிளீனிங் ஒன்று போடுங்கள், தேறாவிட்டால் இன்னொன்று. அதற்கு மேல் உடனே உடனே போடாதீர்கள். ராத்திரி முழுக்க விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள், ஊறிப் பல தடவை தானே திறந்துகொள்கிறது. ஒவ்வொரு கிளீனிங்கும் உறிஞ்சும் மை அடியில் உள்ள பஞ்சுப் பட்டையில் போய்ச் சேர்கிறது. அது நிறைந்துவிட்டதாக எண்ணிக்கை வந்ததும் மெஷின் இரண்டு விளக்கையும் மாறி மாறிச் சிமிட்டிவிட்டு நின்றுவிடும். கேனானில் 5பி00 என்று காட்டினால் அதுதான். மெக்கானிக் எண்ணிக்கையை மட்டும் ரீசெட் செய்துவிட்டுக் காசு கேட்டால், "பஞ்சை மாத்தினீங்களா?" என்று கேளுங்கள். மாற்றாமல் ரீசெட் மட்டும் செய்தால் ஒருநாள் மேஜை விரிப்பில் மை ஒழுகும். கேனானின் ஜி2020, ஜி3020 போன்ற மாடல்களில் இந்தக் கழிவுப் பெட்டியை நாமே கழற்றி மாற்றலாம். வாங்கும்போது விசாரிக்க வேண்டிய வசதி இது. வைஃபையைவிட முக்கியம் என்பேன்.

காகிதம் பற்றி ஒன்றே ஒன்று. இங்க் மெஷினுக்கான பளபளப்பு போட்டோ ஷீட்டை லேசரில் விடவே கூடாது. கடையில் உதவிக்கு வந்த தம்பி ஒருவன் அவசரத்தில் விட்டான். ஷீட்டின் பூச்சு உருகி ஃப்யூசரின் டெஃப்லானில் சுற்றிக்கொண்டது. பிளேடு வைத்துச் சுரண்டப் போய் டெஃப்லானும் கிழிந்தது. சுரண்டியது நான்தான், மேலே சொன்ன மூன்றில் ஒன்று அது.

கடைசியாக, ஒரிஜினல் வாங்குகிறவர்களுக்கு. தீர்ந்த கார்ட்ரிட்ஜுக்கும் அதன் காலிப் பெட்டிக்கும் காசு கொடுத்து வாங்கிப் போகிறவர்கள் என் கடைக்கே வருகிறார்கள். அதில் ரீஃபில் பொடியை அடைத்து, ஒரிஜினல் விலைக்கு வேறு யாருக்கோ விற்பார்கள். அந்த வேறு யாரோ அடுத்த தடவை நீங்களாகவும் இருக்கலாம். வாங்கும்போது சீல் முத்திரை கிழிந்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், பில் கேளுங்கள். தீர்ந்ததும் பெட்டியின் நான்கு மூலையையும் கிழித்துவிட்டு, லேபிளின் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு எடைக்குப் போடுங்கள்.